உடைந்து விழுந்ததா, விழுந்து உடைந்ததா

இரவு பதினொன்றே முக்கால். தொப்பூர் கணவாய். சுங்கச்சாவடி வெளிச்சமெல்லாம் முடிந்து, இறக்கம் ஆரம்பிக்கிற இடம்...

முதலில் அந்தக் கதவைச் சாத்துங்கள். போனைக் கவிழ்த்து வையுங்கள், அந்த வெளிச்சமும் வேண்டாம். கரண்ட் வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும், நெருங்கி உட்காருங்கள். இது எங்கோ யாருக்கோ நடந்தது இல்லை. நம் முனாப் இருக்கிறானே, அவனுடைய பெரியம்மா மகன் சுபியானுக்கு நடந்தது. முனாப் இதை முழுசாக ஒரே ஒரு தடவைதான் சொன்னான். இன்னொரு தடவை கேட்டால் எழுந்து போய்விடுவான்.

அந்த இறக்கத்தின் ஓரத்தில்தான் சுபியான் நின்றிருந்தான். இடது தோளில் ஒரு பை, வலது தோளில் ஒரு பை, இரண்டிலும் இரும்பு. லேசான தூறல். எப்போதாவது லாரி ஓய்கிற சாலையா அது? ஆனால் அன்றைக்கு மேலே எங்கோ ஒரு கன்டெய்னர் குறுக்கே நின்றுவிட்டதாம். ஒரு வண்டி வரவில்லை. மலை இருட்டு. சில்வண்டுச் சத்தம். அதுவும் விட்டு விட்டு...

அந்த நேரத்தில் அங்கே அவனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சுபியான் பல்கலைக்கழகத்தில் படித்தது மெட்டீரியல்ஸ் சயின்ஸ் அண்ட் எஞ்சினியரிங். உலோகம் எப்படி உருவாகிறது, எப்படித் தாங்குகிறது, ஏன் உடைகிறது என்கிற படிப்பு. தர்மபுரியில் அவன் வீட்டில் யாருக்கும் அது புரியவில்லை. அவன் சாச்சி, அதாவது சித்தி, அன்ஜும், "மெட்டீரியலா? சுடிதாருக்காடா?" என்று கேட்டு வீடே சிரித்தது. அவன் அத்தா ஹபீப் மட்டும் சிரிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பூட்டு, சாவிக் கடை வைத்திருப்பவர். மகன் சேர்ந்த அன்றைக்கே கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்து வைத்துவிட்டார். டிகிரி வந்ததும் மாட்டுவதற்கு.

ஆறு வருஷமாக அந்த ஆணி வெறுமனே இருந்தது. ஒரு வருஷம் டைபாய்டில் போனது. போன வருஷம் ப்ராஜெக்டில் ஃபெயில். இந்த வருஷம் கடைசி வாய்ப்பு, இதிலும் போனால் டிகிரியே கிடையாது என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். பையன் எட்டு மாதம் உயிரைக் கொடுத்துப் பதினான்கு எஃகுத் துண்டுகள் செய்தான். உலையில் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் அமுக்க வேண்டும். உலையின் வெப்பமானி பொய் காட்டியது யாருக்குத் தெரியும்? எண்ணெயில் விட்டதும்... டிக். டிக். டிக். பதினான்கும் அவன் கண்ணெதிரே விரிசல் விட்டன. அந்தச் சத்தத்தை இரும்பு படித்தவன் மறக்க மாட்டான்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குப் பத்தே நாள். கைடு எழிலரசி மேடம் கறார்தான், ஆனால் ஈரமில்லாதவர் இல்லை. ஒரு வழி சொன்னார். நிஜமாகவே ஓட்டத்தில் உடைந்த ஒரு வண்டிப் பாகத்தைக் கொண்டு வா, அது ஏன் உடைந்தது என்று கண்டுபிடித்து எழுது, கையெழுத்துப் போடுகிறேன்.

"ஒண்ணே ஒண்ணு, சுபியான். ஒடஞ்ச எடத்துக்கு முகம்னு பேரு. அந்த முகத்துலதான் கதையே எழுதியிருக்கும். என்ன ஆனாலும் ரெண்டு துண்டையும் ஒட்ட வெச்சுப் பாக்காத. உரசிச்சுன்னா எல்லாம் அழிஞ்சிடும். அப்புறம் அந்த இரும்பு வாயத் தொறக்காது. சேத்து வெச்சேன்னு தெரிஞ்சா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

தொப்பூரில் நஞ்சப்பன் என்பவரின் பழைய இரும்பு யார்டு. கணவாயில் கவிழ்கிற லாரிகளைப் பிரித்துப் போடுகிற இடம். சாயங்காலம் போனவன், அங்கே ஒரு வழக்கத்தைப் பார்த்தான். விபத்து வண்டியில் உடைந்த பாகம் எதுவானாலும் ஒரு துண்டு கிழக்குக் குவியலில், மறு துண்டு மேற்குக் குவியலில். நடுவில் ஆள் நடக்கிற பாதை. உருக்க அனுப்பும்போதும் வேறு வேறு லோடு.

"ரெண்டும் ஒண்ணு சேரக்கூடாதுங்க, தம்பி" என்றார் நஞ்சப்பன்.

சுபியானுக்குச் சிரிப்பு வந்தது. "எங்க மேடமும் இதையேதாங்கண்ணா சொன்னாங்க."

"அவங்களுக்கும் தெரியுமா?" என்று அவர் ஆச்சரியப்பட்டார். "சேந்துச்சுன்னா வண்டி கெளம்பிரும்ங்க."

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. அவன் கண் கிழக்குக் குவியலில் கிடந்த ஒரு ஸ்டியரிங் ராடின் மேல் இருந்தது. டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்தால் சக்கரத்தைத் திருப்புகிற கம்பி. பாதியில் உடைந்திருந்தது. பையிலிருந்து லென்ஸை எடுத்துப் பார்த்தான். அடடா... அப்படி ஒரு முகம். ஓரத்தில் ஒரு புள்ளி. அதிலிருந்து வரி வரியாக, ஏரியில் தண்ணீர் வற்ற வற்றக் கரையில் கோடு விழுமே, அந்த மாதிரி. ஒவ்வொரு கோடும் விரிசல் கொஞ்சம் ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்ந்த தடம். போனில் லென்ஸை ஒட்ட வைத்துப் படமெடுத்து எண்ணினான். நாற்பத்தொன்று.

ஒரே அடியில் உடைந்த இரும்பில் இந்தக் கோடு இருக்காது. இது மாதக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே வெடித்து வந்த ராடு.

நஞ்சப்பன் அவன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அது மாதுவோட வண்டிங்க. ஏரியூர்க்காரன். தக்காளி லோடு, ரெட்டைப் பாலத்துகிட்ட பள்ளத்துல வுழுந்து செத்துப்போயிட்டான். தூங்கிட்டான்னு போலீஸ்ல எழுதிட்டாங்க. ஆனா அவன் சம்சாரம் சின்னம்மா இருக்குதே, மாசாமாசம் இங்க வந்து ஒரே கேள்விதாங்க கேக்குது. அண்ணா, ராடு ஒடஞ்சு வண்டி வுழுந்துச்சா, வண்டி வுழுந்து ராடு ஒடஞ்சுச்சா? எனக்கு என்னங்க தெரியும்?"

"ஒடஞ்சுதாங்கண்ணா வுழுந்திருக்கு" என்றான் சுபியான். "இதுலயே எழுதியிருக்கு. நான் ரிப்போர்ட்ல போடறேன். அவங்களுக்கு நீங்க காட்டலாம்."

அப்படியும் அவர் இரண்டு துண்டையும் தர மாட்டேன் என்றார். ஒன்றுதான் தருவேன் என்றார். இரண்டு முகமும் இருந்தால்தான் மேடம் ஒத்துக்கொள்வார். சுபியான் கெஞ்சினான். அத்தாவைச் சொன்னான், ஆணியைச் சொன்னான், கடைசியில் அந்த இரும்புக் குவியலுக்கு நடுவில் நின்று அழுதேவிட்டான். இருபத்து மூன்று வயசுப் பையன் அழுதால் யார்தான் தாங்குவார்கள்? இருட்டிய பிறகு நஞ்சப்பன் டார்ச் அடித்து மேற்குக் குவியலில் தேடி ஒரு துண்டை எடுத்து வந்தார். இரண்டு பையில் தனித்தனியாகப் போட்டுக் கொடுத்தார்.

"ஒரு தோள்ள ஒண்ணு, தம்பி. மறந்துறாதீங்க."

ஆக, பதினொன்றே முக்காலுக்கு அவன் அங்கே நின்றது இப்படித்தான்.

பஸ் வராமல் நின்று நின்று, புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. இருட்டில் எடுத்த துண்டாயிற்றே... அது இந்த ராடின் மறுபாதிதானா? அந்தக் குவியலில் நூறு துண்டு கிடந்ததே. வேறு வண்டியின் பாதியைக் கொடுத்துவிட்டிருந்தால்? திங்கட்கிழமை வைவா. இன்னொரு தடவை வர நேரமில்லை. யார்டுக்குத் திரும்பலாம் என்றால் கேட்டைப் பூட்டிவிட்டு அவர் அப்போதே போயாயிற்று. வேறு யாராக இருந்தாலும் இரும்பு இரும்புதானே என்று பேசாமல் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். படித்தவனுக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும்.

மேடம் சொன்னது ஞாபகம் இருந்தது. நஞ்சப்பன் சொன்னதும் ஞாபகம் இருந்தது. ஒரே ஒரு நொடி... உரசாமல், லேசாக, பொருந்துகிறதா என்று மட்டும்...

இரண்டு துண்டையும் எடுத்தான். முகத்தோடு முகம் வைத்தான்.

டக்.

பூட்டில் சாவி விழுகிற மாதிரி, அவ்வளவு மெதுவான சத்தம். சரி, இதுவேதான் என்று மனசு நிம்மதியானது. பிரிக்கப் போனான்.

வரவில்லை.

இழுத்தான். முறுக்கினான். முழங்காலில் வைத்து நெம்பினான். போன் டார்ச்சைப் போட்டுப் பார்த்தான்... ஒட்டிய இடமே தெரியவில்லை. விரலால் தடவினான், நகத்தால் கீறினான். ஒரு கோடு கிடையாது. உடையாத, முழு ராடு. முகம் இல்லை, வரி இல்லை, ப்ராஜெக்ட் இல்லை. மைல்கல்லில் வைத்து ஓங்கி ஓங்கி அடித்தான். கல்தான் பெயர்ந்தது. "யா அல்லா, ஒடஞ்சிரு... ஒடஞ்சிரு..." என்று அழுதுகொண்டே அடித்தான்.

அப்போது மேலேயிருந்து ஒரு லாரி வந்தது.

ஒரு விளக்குதான் எரிந்தது. சத்தமில்லாமல் இறங்கி வந்து, அவன் பக்கத்தில் புஸ்ஸ்... என்று ஏர் பிரேக் போட்டு நின்றது. இடது கதவு திறந்தது. உள்ளேயிருந்து புளித்துப்போன தக்காளி வாடை. அதற்கடியில், பிரேக் லைனர் கருகுகிற வாடை.

"ஏறு."

சாலை அடைபட்டிருக்க, இந்த லாரி மட்டும் எப்படி வந்தது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவன் இருந்த நிலைமையில் யார் கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பான். ராடை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். லாரி உருண்டது. டிரைவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார். லுங்கி, பனியன். பனியன் ஈரம். இவன் பக்கம் திரும்பவே இல்லை.

முதல் வளைவு. டிரைவர் ஒடித்தார். சுபியானின் மடியில்...

டிக்.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். எண்ணெய்த் தொட்டிக்குள் கேட்டது. அடுத்த வளைவு. டிக். ஒவ்வொரு ஒடிப்புக்கும் ஒன்று. இரண்டு கைக்கும் நடுவில் இரும்பு அதிர்வதை அவனால் உணர முடிந்தது. உள்ளே விரிசல் ஊர்கிறது, நிற்கிறது, ஊர்கிறது. படிக்காதவனாக இருந்திருந்தால் ஏதோ சத்தம் என்று விட்டிருப்பான். இவனால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. பத்து. பதினெட்டு. இருபத்தேழு. தொப்பூரில் ஏது இத்தனை வளைவு? ஆனால் வந்துகொண்டே இருந்தன.

"அண்ணா, நிறுத்துங்கண்ணா... ராடு போவுது... நிறுத்துங்க!"

"தெரியும்" என்றார் டிரைவர்.

முப்பத்தொன்பது. எதிரே இரட்டைப் பாலத்தின் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது. நாற்பது. டிரைவர் முழுக்க ஒடித்தார். நாற்பத்தொன்று...

டப்.

ஸ்டியரிங் அவர் கையில் காற்றாடியாகச் சுற்றியது. சக்கரம் திரும்பவில்லை. சுற்றினார், இந்தப் பக்கம் சுற்றினார், அந்தப் பக்கம் சுற்றினார். வண்டி நேரே போய்க்கொண்டே இருந்தது. அப்போதுதான் முதல் தடவையாகச் சுபியானைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்திருந்தன. இமைக்கவே இல்லை.

"நல்லாப் பாத்துக்க, தம்பி. இந்தக் கண்ணுல தூக்கம் தெரியுதா?"

காலையில் சாலை கூட்டுகிற ஆட்கள்தான் பாலத்துக்கடியில் அவனைப் பார்த்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வலது கை மட்டும் மரத்துக் கிடந்தது. பக்கத்தில் ராடு, இரண்டு துண்டாக. பாய்ந்து எடுத்துப் பார்த்தான். இரண்டு முகமும் தேய்ந்து, வழித்துவிட்ட தட்டாகப் பளபளத்தன. ஒரு வரி மிச்சமில்லை.

போனில் படம் இருந்தது. நாற்பத்தொரு கோடும் தெளிவாக.

இங்கேதான் கேளுங்கள், அவன் நிலைமையைப் பாருங்கள். படத்தைக் காட்டினால் மாது தூங்கவில்லை என்று ஊருக்கே தெரியும். ஆனால் படத்தில் இருக்கிற வரி இரும்பில் எங்கே போனது என்று மேடம் கேட்பார். சேர்த்து வைத்தது தெரியும். கையெழுத்துக் கிடையாது. டிகிரி கிடையாது. ஆணி வெறுமனே இருக்கும். படத்தை மறைத்தால், தேய்ந்த முகத்தை வைத்து எழுதக்கூடியது ஒன்றுதான்: ஏற்கெனவே விரிசல் இருந்ததற்குத் தடயம் இல்லை, மோதலில் ஒரே அடியில் உடைந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் சாப்பிடவில்லை. விடியற்காலை நான்கு மணிக்குப் படத்தை அழித்தான். அழித்த படங்கள் போய்ச் சேருகிற குப்பைத் தொட்டியிலும் தேடி, அங்கேயும் அழித்தான். அப்புறம் உட்கார்ந்து ரிப்போர்ட்டை எழுதினான்.

மேடம் துண்டுகளை வெகுநேரம் பார்த்தார். "சேத்து வெச்சியா?"

"இல்ல மேடம்."

அவர் அவனையே பார்த்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டார். பாஸ்.

சாயங்காலம் நஞ்சப்பன் போன் செய்தார். "தம்பி, சின்னம்மா வந்து நிக்குதுங்க. என்ன எழுதுனீங்கன்னு கேக்குது."

"வுழுந்துதாங்கண்ணா ஒடஞ்சிருக்கு" என்றான் சுபியான்.

அந்தப் பக்கம் நஞ்சப்பன் யாரிடமோ சொல்வது கேட்டது. அழுகைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஒரு செருப்பு நடந்து போகிற சத்தம் மட்டும்... போய்க்கொண்டே... பிறகு அதுவும் இல்லை.

அன்றைக்கு ராத்திரி தலைக்கடியில் வலது கையை மடக்கி வைத்துப் படுத்தான். தூக்கம் கண்ணைச் சுழற்றுகிற நேரம். காதுக்கு வெகு பக்கத்தில்...

டிக்.

எழுந்து உட்கார்ந்தான். அறையில் இரும்பு என்று ஒன்றுமில்லை. மறுநாள் ராத்திரி, மறுபடி. ஒரு ராத்திரிக்கு ஒன்று. கையை உதறினான், எண்ணெய் தடவினான், தலையணைக்கடியில் அமுக்கினான். வலியில்லை, வீக்கமில்லை. எலும்புக்குள்ளிருந்துதான் வருகிறது என்று அவனுக்குத் தெரியும். எது வரை போகும் என்றும் தெரியும். பதினைந்தாம் நாள் முனாப்பைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான். "மேடம்கிட்ட போய் உண்மையச் சொல்லிடுடா" என்றான் முனாப். "டிகிரி போயிரும்டா" என்று இவன் அழுதான். கையில் வாங்கிவிட்டு, அப்புறம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றான். இருபது. முப்பது. பையன் துரும்பாய் இளைத்தான். வலது கையால் சோறு பிசையக்கூடப் பயந்தான்.

நாற்பத்தொன்றாம் நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். முனாப்பும் கூடப் போயிருந்தான். சுபியான் பதிவேட்டில் இடது கையால் கையெழுத்துப் போட்டான். ஆனால் அலுவலகத்து அம்மா சிரித்துக்கொண்டே, "டிகிரிய எடது கையில வாங்குவாங்களா தம்பி?" என்றார். வலது கையை நீட்டினான். ஒரே ஒரு தாள். என்ன எடை இருக்கும்? வாங்கிக்கொண்டு வாசல் படியில் கால் வைத்தான்.

டப்.

அவனுக்குப் பின்னால் வந்த முனாப்புக்கும் அது கேட்டது. முழங்கைக்குக் கீழே கை மடங்கித் தொங்கியது. அதற்குப் பிறகுதான் அவன் தடுமாறி மூன்று படி உருண்டான்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். நெற்றியைச் சுருக்கினார். இன்னும் கிட்டே பிடித்தார்.

"தம்பி, இது வுழுந்து ஒடஞ்சது இல்லீங்க. மொதல்ல ஒடஞ்சிருக்கு. அதுக்கப்புறம்தான் வுழுந்திருக்கீங்க. பாருங்க, வரி வரியா... கொஞ்சம் கொஞ்சமா விரிசல் வுட்டுட்டே வந்திருக்கு. வலிக்கவேயில்லையா?"

சுபியான் எக்ஸ்ரேயில் அந்த வரிகளை எண்ணத் தொடங்கினான்.

"பயப்படாதீங்க. ரெண்டு துண்டையும் ஒண்ணா சேத்து வெச்சுக் கட்டிட்டா, தானா ஒட்டிக்கும்."

அப்போது கத்தினான் பாருங்கள்... ஆஸ்பத்திரியே ஓடி வந்தது. "சேக்காதீங்க! அப்படியே வுட்ருங்க, கையே வேண்டாம்! சேந்தா கெளம்பிரும்... டாக்டர், கெளம்பிரும்!" நான்கு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. தூங்குவதற்கு ஊசி போட்டார்கள். உடம்பு தளர்ந்தது. டாக்டர் இரண்டு கையாலும் எலும்பைப் பிடித்து, மெதுவாக இழுத்து, பொருத்தினார்.

டக்.

வெளியே தெருவில் புஸ்ஸ்... என்று ஒரு சத்தம். டாக்டர் மூக்கைச் சுளித்தார். "யாருப்பா அது, ஆஸ்பத்திரி வாசல்ல லாரிய நிறுத்துறது? தக்காளி நாத்தம் உள்ள வரைக்கும் வருது."

முனாப் ஓடிப்போய் சன்னலைத் திறந்து பார்த்தான். தெருவில் ஒரு வண்டியும் இல்லை. திரும்பிக் கட்டிலைப் பார்த்தான். ஊசி போட்டு ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. சுபியானின் இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே உயர்ந்து, உடைந்த கையும்தான், எதையோ வட்டமாகப் பிடித்திருந்தன. கண் இரண்டும் முழுசாகத் திறந்திருந்தன.

அதில் தூக்கமே இல்லை.